பாலை பழுக்கும் காடும் மழை ஓயாத காடும்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் வரைபடத்தை விரித்து ஊர்ப்பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே, இந்த நிலத்தில் என்ன வளர்கிறது, எது நடமாடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். புளியங்குளம், ஈச்சங்குளம், வேப்பங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, தட்சணாமருதமடு, பனங்காமம் என்று மரங்கள் ஊர்களாகி நிற்கின்றன. கிளிநொச்சியில் கரடிப்போக்கும் ஆனைவிழுந்தானும் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் வாசலில் ஆனையிறவு இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். மரத்தின் பெயரோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டிருப்பது குளம், மடு, கேணி, மோட்டை போன்ற ஒரு தண்ணீர்ச் சொல். மரத்தைச் சொல்லும்போதே தண்ணீர் எங்கே என்பதையும் சொல்லாமல் விட, பெயர் வைத்தவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

இதே தீவின் தென்மேற்கில், இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் மலைச்சரிவுகளில் சிங்கராஜ வனம் இருக்கிறது. வவுனியாவிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 300 கிலோமீற்றரும் வராது. ஆனால் வன்னிக் காட்டுக்குள் விறகெடுத்தும் தேனெடுத்தும் வளர்ந்த ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், கண்ணில் படும் மரங்களில் ஒன்றிரண்டுக்குத்தான் அவரால் பெயர் சொல்ல முடியும். காலடியில் ஊர்வதும் தலைக்கு மேலே கூவுவதும் பெரும்பாலும் அவருக்குப் புதிதாகவே இருக்கும். 65,610 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட ஒரு தீவுக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்பதை, உயிரியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படைக் கருத்து எளிமையானது. ஓர் இடத்தின் மழையும் வெயிலும் மண்ணும் அங்கே எந்தத் தாவரம் பிழைக்கும் என்பதை முதலில் தீர்மானிக்கின்றன. எந்த விலங்குக்கு அங்கே இரையும் ஒதுங்கிடமும் கிடைக்கும் என்பதைத் தாவரங்கள் தீர்மானிக்கின்றன. விலங்குகளோ விதைகளைப் பரப்பியும் தளிர்களைக் கடித்தும் காட்டின் உருவத்தைத் திரும்பவும் மாற்றிவிடுகின்றன. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பூ, பறவை, விலங்கு, தொழில் என்று கருப்பொருள்களை வகுத்தார்கள் அல்லவா? அதன் பின்னால் இருப்பதும் இதே கருத்துத்தான். இரண்டு நிலங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவது, மற்றதைக் கண்டவுடன் "இது ஏன் இங்கே இப்படி?" என்ற கேள்வியாகிவிடும்.

மழையின் நாட்காட்டி

ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதி ஈரவலயம், 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறுவது உலர்வலயம், இரண்டுக்கும் நடுவே உள்ளது இடைவலயம் என்று பாடசாலைப் புவியியலில் படித்திருப்போம். தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயம். வன்னி முழுவதும் அதற்குள் அடங்கும். சிங்கராஜ வனத்தில் ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. வன்னியின் பெரும்பாலான இடங்களில் அது 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரைதான். மன்னார்க் கரையோரத்தில் அதற்கும் குறைவு.

இந்த எண்களை மட்டும் பார்த்து, வேறுபாடெல்லாம் மழையின் அளவால் வந்தது என்று முடிவுகட்டுவது பாதி உண்மைதான். இலண்டன் நகருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழையே கிடைக்கிறது. அங்கிருக்கும் நம் உறவினர் எவரும் மழை போதவில்லை என்று தொலைபேசியில் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அந்த மழை ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. குளிரில் மெதுவாகவே ஆவியாகிறது. வன்னியின் மழையோ ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டித் தீர்த்துவிடும். சித்திரையில் இடிமுழக்கத்தோடு சில நாட்கள் பெய்யும். அதன்பின் வைகாசி முதல் புரட்டாசி வரை, மண் வெடிக்கும் வெயிலில், சோளகக் காற்று நிலத்தை உலர்த்திக்கொண்டே இருக்கும்.

அந்தச் சோளகம் வேறொன்றுமன்று, தென்மேற்குப் பருவக்காற்றுதான். இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் அதே காற்றுத்தான் தெற்கே சிங்கராஜ வனத்தை நனைக்கிறது. அங்கே மலைச்சரிவு காற்றை மேலே ஏற்றுகிறது. மேலே ஏறும் காற்றுக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. வன்னி சமதரை. காற்றை மேலே தூக்க இங்கே மலை இல்லை. ஆகவே ஒரே மாதத்தில், ஒரே காற்றின் கீழ், இரத்தினபுரியில் ஆறு பெருக்கெடுக்கும்போது முல்லைத்தீவில் கிணறு வற்றுகிறது. மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கும்போது வன்னியும் நனைகிறது; அப்போதும் சிங்கராஜ வனத்துக்கு மழை கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். மழையே இல்லாத மாதம் என்று அங்கே ஒன்று கிடையாது.

வன்னிக் காட்டை வன்னிக் காடாக்கியவை மழை பெய்யும் மாதங்களைவிட, பெய்யாத மாதங்களே என்பது என் எண்ணம். கீழே சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லாமே அந்த நான்கைந்து மாதங்களைக் கடந்துபோவதற்கான உபாயங்கள். சிங்கராஜ வனத்தின் உயிர்களுக்கோ கவலை வேறு: தண்ணீர் தாராளம், வெளிச்சமும் மண்ணின் சத்தும் தட்டுப்பாடு.

இலையைக் கையில் வைத்துப் பார்த்தால்

சிங்கராஜ வனத்தில் கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். பறிக்க வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட வனம். பல மரங்களின் இலைகள் அங்கே முனையில் ஒடுங்கி, வால்போல் நீண்டிருக்கும். மழை நின்ற பின்னும் அந்த முனை வழியே நீர் சொட்டிக்கொண்டிருக்கும். நாள்தோறும் நனையும் இலையின்மேல் தண்ணீர் தங்கினால் பாசியும் பூஞ்சணமும் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். நீரை விரைவில் வடித்துவிடுவதற்கே அந்த நீண்ட முனை.

இனி ஒரு பாலை மரத்தின் இலையை எடுங்கள். தடித்து, தோல்போல் விறைத்து, கரும்பச்சையாக இருக்கும். நுனி நீள்வதற்குப் பதிலாக மழுங்கி, நடுவில் சிறிது உள்வாங்கியிருக்கும். இங்கே நீரை வடித்துவிடும் அவசரம் எதற்கும் இல்லை. உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் காப்பதே வேலை. வீரை இலையும் அவ்வாறே தடித்தது, பளபளப்பானது. வெளியூரிலிருந்து வருவோர், உலர்வலயக் காடு என்றால் கோடையில் மொட்டையாக நிற்கும் என்று எதிர்பார்ப்பார்கள். முதிரை போன்ற சில மரங்கள் வறட்சியில் இலையை உதிர்ப்பது உண்மைதான். ஆனால் பாலையும் வீரையும் ஆவணி வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். ஆழத்துக்கு இறங்கிய வேரும் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் இலையுமே அதற்குக் காரணம். இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது ஓர் உபாயம். இலையைத் தடிப்பாக்கி வைத்துக்கொள்வது இன்னோர் உபாயம். வன்னிக் காட்டில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

சிக்கனமாக வளரும் மரம் மெதுவாகவே பருக்கும். அதன் வைரம் இறுகியிருக்கும். பாலையும் கருங்காலியும் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். முதிரையின் விலை தச்சர்களுக்குத் தெரியும், மரக்கடத்தல்காரருக்கும் தெரியும். வன்னிக் காட்டின் உச்சி சுமார் 20 மீற்றர் உயரத்தில் நின்றுவிடுகிறது. சிங்கராஜ வனத்தின் உயர்ந்த மரங்கள் 35 முதல் 45 மீற்றர் வரை எழுகின்றன. அங்கே வெளிச்சத்துக்காக ஏறுவதே வாழ்க்கை. உச்சியில் எண்ணெய் மரம் போன்ற பெருமரங்கள், அவற்றின் கீழே நாகமரம் முதலியவை, அதற்கும் கீழே சிறுமரங்கள், செடிகள் என அடுக்கடுக்காக இலைகள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், தரைக்கு வந்துசேர்வது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். சிங்களத்தில் ஹொர எனப்படும் அந்த எண்ணெய் மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் உண்டு. உச்சியிலிருந்து விழும்போது அது சுழன்று சுழன்று இறங்கும். பாலையின் விதைக்குச் சிறகு இல்லை. அதைச் சுமப்பதற்கு வேறு ஆள் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றிச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். காரை, சூரை, ஈச்சை, இலந்தை, விடத்தல், மன்னார்ப் பக்கத்து உடை என வன்னியின் பற்றைகளுக்குள் நுழைந்தவர்களுக்குச் சட்டை கிழிந்த அனுபவம் இருக்கும். இலை அரிதாகத் தளிர்க்கும் இடத்தில், ஒவ்வோர் இலையையும் மானிடமிருந்தும் மரையிடமிருந்தும் காப்பது செடிக்கு இலாபம். சிங்கராஜ வனத்தில் பிரம்பு போன்ற சிலவற்றை விட்டால் முள் குறைவு. அங்கே சட்டை கிழியாது, அட்டை கடிக்கும். ஈரச் சருகுக்குள்ளிருந்து எழுந்து காலில் ஏறும் அந்த நிலத்து அட்டைக்கு வன்னியின் காய்ந்த தரை சரிவராது. அதன் இடத்தை இங்கே கோடைக்காலத்து உண்ணி நிரப்பிவிடுகிறது. யாத்திரிகருக்கு இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், அட்டை என்றே சொல்வேன். அது குடித்து முடித்துத் தானாக விழுந்துவிடும்.

இரண்டு நிலங்களுக்கும் பொதுவான ஒரு தொழிலையும் இங்கே ஒப்பிடலாம். பூநகரியிலும் மன்னாரிலும் பனையைச் சீவிக் கள்ளும் பனங்கட்டியும் எடுப்பதுபோல, ஈரவலயத்தில் கித்துளைச் சீவிப் பாணியும் கருப்பட்டியும் எடுக்கிறார்கள். இரண்டும் பனைக் குடும்பத்தின் மரங்கள். ஆனால் பனையோலை விறைத்த விசிறி. கித்துள் ஓலையோ மீன்வால் வடிவிலான பல சிறு இலைகளாகப் பிரிந்து தொங்கும். பனை வயதுக்கு வந்தபின் ஆண்டுதோறும் பாளைவிட்டுத் தலைமுறைகள் வாழும். கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சில ஆண்டுகள் பூத்து முடித்ததும் மடிந்துவிடும். வறண்ட மணலில் நெடுங்காலம் நின்று சிறுகச் சிறுகக் கொடுப்பது ஒன்று, ஈர நிலத்தில் விரைந்து வளர்ந்து ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் போவது மற்றது.

புற்றுக்குள் ஒரு மழைக்காடு

உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் மண்ணாகாவிட்டால் எந்தக் காடும் நிலைக்காது. சிங்கராஜ வனத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பூஞ்சணங்கள் செய்கின்றன. எப்போதும் ஈரமாக இருக்கும் சருகில் வெண்ணிற நூல்போல அவை ஓடுவதைக் கிளறிப் பார்த்தாலே காணலாம். இலை விழுந்து சில மாதங்களில் அது இருந்த சுவடே இராது. கரைந்த சத்தைப் பெருமழை கழுவிக்கொண்டு போகுமுன், மேற்பரப்பிலேயே பின்னிக் கிடக்கும் வேர்கள் உறிஞ்சிவிடுகின்றன. அதனால்தான் அவ்வளவு செழிப்பாகத் தெரியும் அந்தக் காட்டின் மண் உண்மையில் சத்துக் குறைந்தது. சத்தெல்லாம் நிற்கும் மரங்களின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. காட்டை வெட்டினால் மண்ணில் மிஞ்சுவது கொஞ்சம்.

வன்னியில் சோளகக் காலத்துச் சருகு அப்பளம்போல் நொறுங்கும். பூஞ்சணத்துக்கு வேண்டிய ஈரம் மாதக்கணக்கில் இல்லை. அந்த இடத்துக்கு வருவது கறையான். நம் காடுகளில் ஆளுயரத்துக்கு எழும் புற்றுகளைக் கட்டும் கறையான்கள் மரத்தையும் சருகையும் தாமே முழுதாகச் செரித்துவிடுவதில்லை. மென்று கொண்டுபோய், புற்றின் உள்ளறைகளில் கடற்பஞ்சுபோன்ற தட்டுகளாக அடுக்கி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, அந்த விளைச்சலை உண்கின்றன. வெளியே மண் வெடித்துக் கிடக்கும்போதும் புற்றுக்குள்ளே ஈரமும் ஏறக்குறைய மாறாத வெப்பமும் காக்கப்படுகின்றன. சிங்கராஜ வனத்தின் தரையில் திறந்தவெளியில் நடக்கும் வேலையை வன்னியில் கறையான் கதவடைத்துச் செய்கிறது.

மாரியின் முதல் மழைகள் விழுந்ததும் அந்தப் பூஞ்சணம் புற்றின் பக்கங்களில் காளானாக வெளியே எட்டிப் பார்க்கும். விடியற்காலையில் போனவர்களுக்குத்தான் புற்றுக்காளான் கிடைக்கும். வெயில் ஏறினால் பூச்சி விழுந்துவிடும். உரித்தெடுத்துத் தேங்காய்ப்பாலில் கறிவைத்தால் இறைச்சிக் கறி தோற்றுப்போகும் என்று சொல்வோர் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

புற்றைத் தேடிவரும் இன்னொருவர் கரடியார். இலங்கையில் கரடி உலர்வலயத் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது; சிங்கராஜ வனத்தில் அது இல்லை. அதன் மேல்தாடையில் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்கள் கிடையா. நீண்ட நகங்களால் புற்றைப் பிளந்து, உதட்டைக் குழல்போல் குவித்து, அந்தப் பல் இடைவெளி வழியே முதலில் மண்ணை ஊதி அகற்றிவிட்டுப் பின்னர் கறையான்களை உறிஞ்சும். உறிஞ்சும் ஓசை காட்டில் நெடுந்தூரம் கேட்கும்.

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கத் தொடங்கியதும் கரடி கறையானை விட்டுவிட்டுப் பாலைக்கு ஏறும். நிலம் காய்ந்து போகும் அதே காலத்தில் பழம் வருவதைக் கவனிக்க வேண்டும்; மனிதரும் மந்தியும் பறவையும் கரடியும் அப்போது ஒரே மரத்தடியில் போட்டிக்கு நிற்கிறோம். சிறிய, மஞ்சள் நிறமான, தேன்போல் இனிக்கும் பழம். நாலைந்து தின்றதும் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்; வாயைத் திறக்கவே பிரயத்தனப்பட வேண்டும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் விடும். பாலை எல்லா ஆண்டும் ஒரே அளவில் பழுப்பதில்லை. நன்றாகப் பழுத்த ஆண்டில் காட்டுப்பாதையில் கிடக்கும் கரடி எச்சத்தைப் பார்த்தால், அது முழுக்கப் பழுப்பு நிறத்தில் மினுங்கும் பாலை விதைகளாக இருக்கும். சிறகில்லாத விதையைச் சுமக்கும் ஆள் என்று முன்பு சொன்னது இவரைத்தான். ஒரு மரத்தடியில் தின்று, காத தூரம் நடந்து, எருவோடு சேர்த்து இன்னோரிடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்.

பெரிய உடலும் பல இனமும்

வன்னியில் யானையும் கரடியும் மரையும் புள்ளிமானும் காட்டெருமையும் இருக்க, அத்தனை பசுமையான சிங்கராஜ வனத்தில் பெருவிலங்குகள் ஏன் குறைவு என்பது புதிதாகக் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். அங்கே யானைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். புள்ளிமான் கூட்டங்கள் இல்லவே இல்லை. விடை வெளிச்சத்தில் இருக்கிறது. மழைக்காட்டின் இலையெல்லாம் 30 மீற்றருக்கு மேலே. தரையில் புல் முளைக்க வெளிச்சம் இல்லை. நாளொன்றுக்கு 150 கிலோகிராம் வரை தின்ன வேண்டிய யானைக்கு எட்டும் உயரத்தில் அங்கே உணவு போதாது. வன்னியில் காட்டின் உச்சி தாழ்வானது, இடைவெளிகள் அதிகம், காடு வெட்டி எரித்துப் பயிரிட்டுப் பின் கைவிடப்பட்ட சேனைகளில் புல்லும் இளஞ்செடியும் தாராளம்.

எல்லாவற்றையும்விடக் குளம் இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம், பாவற்குளம் என்ற பெருங்குளங்களும் எண்ணற்ற சிறுகுளங்களும் இயற்கை தந்தவை அல்ல. சோளகம் பிறந்து நீர்மட்டம் இறங்க இறங்க, குளத்தின் அலைகரையில் இளம்புல் பசேலென்று முளைக்கும்; காடு முழுவதும் காய்ந்திருக்கும் காலத்தில் யானைக்கும் மானுக்கும் அதுவே பந்தி. உழவர் வயலுக்காகக் கட்டிய குளம் விலங்குகளையும் சேர்த்தே காப்பாற்றி வந்திருக்கிறது. அந்தப் பந்தி முடிந்ததும் அடுத்தது நெல்வயல் என்பது யானைக்குத் தெரியும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இன்னொன்று, வன்னியில் நாம் ஆதிகாடு என்று நினைப்பதில் பெரும்பகுதி, பழைய குளங்களும் வயல்களும் கைவிடப்பட்ட பின் அவற்றின்மேல் திரும்பவும் வளர்ந்தது. காட்டின் நடுவே திடீரென்று தென்படும் உடைந்த குளக்கட்டு அதற்குச் சாட்சி.

மாரியில் வன்னியின் கரையோரம் வேறொரு விருந்தினரைப் பெறுகிறது. ஐப்பசி முதல் பங்குனி வரை வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் சுண்டிக்குளம், கொக்கிளாய், வங்காலை ஆகிய களப்புகளில் இறங்குகின்றன. மன்னார்ப் பக்கத்தில் பூநாரைகளும் நிற்கும். 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையில் நின்று பார்ப்பவர், உலர்வலயம் என்ற சொல்லையே சந்தேகிக்கக் கூடும்.

சிங்கராஜ வனத்தின் செல்வம் வேறுவகையானது. அது உருவத்தில் அல்ல, எண்ணிக்கையிலும் அருமையிலும் இருக்கிறது. 1988இல் உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், அங்குள்ள மரங்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பது. பூச்சிகளைக் குடுவைக்குள் விழவைத்துச் செரிக்கும் கெண்டிச்செடி அந்தத் தென்மேற்குப் பகுதிக்கே உரியது. இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட பறவைகளில் நீல நிறமும் சிவந்த அலகும் கொண்ட அழகிய நீலக் காக்கை உட்படப் பலவற்றை அங்கேதான் தேட வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரைதேடிக் காட்டைக் கடந்து போவது அங்கே அன்றாடக் காட்சி. 2001இல் ஈரவலயக் காட்டில் அறிவியலுக்கு அதுவரை தெரியாதிருந்த ஒரு சிற்றாந்தை கண்டுபிடிக்கப்பட்டு, 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இத்தனை சிறிய தீவில், இத்தனை அண்மைக்காலம் வரை ஓர் ஆந்தை ஒளிந்திருந்திருக்கிறது.

வன்னியின் மரங்களிலும் விலங்குகளிலும் அவ்வாறு நமக்கே உரியவை குறைவு. பாலை, முதிரை, கருங்காலி, புள்ளிமான், மந்தி, கரடி எல்லாம் தென்னிந்தியாவிலும் உண்டு. இதற்குக் காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கடல் மிகவும் ஆழமற்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் தண்ணீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது அந்த இடம் தரை. வறண்ட சமவெளியில் வாழப் பழகிய விலங்கும் விதையும் அந்தப் பாலத்தால் போய்வரலாம். இரு கரையிலும் ஒரே வகை நிலம். மழைக்காட்டு உயிர்களுக்கு அந்தப் பாலம் பயன்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்கும் சிங்கராஜ வனத்துக்கும் நடுவே கிடந்த உலர்ந்த வெளி, ஈரம் பழகிய தவளைக்கும் ஓணானுக்கும் கடலைப் போலவே கடக்க அரிதானது. தனித்து விடப்பட்டவை தனி இனங்களாயின. சிங்கராஜ வனத்தை, தீவுக்குள் ஒரு தீவு என்று கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இதற்குச் சிறந்த சான்று, இரண்டு வலயங்களிலும் சோடியாக இருக்கும் விலங்குகள். தேவாங்கை எடுத்துக்கொள்வோம். வன்னியில் இருப்பது சாம்பல்நிறத் தேவாங்கு. அது தென்னிந்தியாவிலும் வாழ்கிறது. தென்மேற்கு ஈரவலயத்தில் இருப்பது அதைவிடச் சிறிய செந்நிறத் தேவாங்கு. அது இலங்கையில் மட்டுமே உண்டு. முயலளவே உள்ள சருகுமானும் அப்படித்தான். எல்லாம் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உலர்வலயத்தில் வெண்புள்ளி கொண்டதும் ஈரவலயத்தில் மஞ்சட்கோடு கொண்டதும் தனித்தனி இனங்கள் என்று 2005இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினர்.

மன்னாரில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரையும் உண்டு. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்காவுக்குரியது. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது வழக்கு. கடல்கடந்து வந்த அந்த மரம் மன்னாரின் வெயிலில் சொந்த வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறது. அடிமரத்தில் நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்கும் மரத்துக்கு எது தாய்நாடு என்பதைவிட, எத்தனை மாதம் மழை இல்லை என்பதுதான் முக்கியம் போலும்.

ஒப்பீட்டைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுத்தையும் காட்டுக்கோழியும் இரண்டு காடுகளிலும் உண்டு. வன்னிக்குள்ளேயே அருவியாற்றின் கரையில் மருதமரங்களின் நிழலில் நிற்பவர், மன்னாரின் உடைமரப் பற்றைகளோடு ஒப்பிட்டால், வேறொரு நாட்டில் நிற்பதாகவே உணர்வார். மத்திய மலைநாட்டின் உச்சிச் சமவெளிகளில், 2,000 மீற்றருக்கு மேலே, தை மாத விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும். அது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது கதை.

தவளைகள்

இரண்டு நிலங்களின் வேறுபாட்டை ஒரே ஓர் உயிரை வைத்துக் காட்டச் சொன்னால் நான் தவளையைத் தெரிந்தெடுப்பேன். தோல் வழியே ஈரத்தை இழந்துவிடும் பிராணி அது. மழையின் நாட்காட்டியை அதைப்போல் உடலில் எழுதி வைத்திருப்பது வேறில்லை. இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழ்கின்றன. அங்குள்ள சிறு புதர்த்தவளைகள் பல, முட்டையிடக் குளத்தையோ குட்டையையோ தேடுவதில்லை. ஈரச் சருகின் கீழோ இலையின்மேலோ முட்டையிடுகின்றன. வாற்பேத்தை என்ற பருவமே வெளியில் தெரியாமல், முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, நகத்தளவுத் தவளைக் குஞ்சு நேரே வெளியே வந்துவிடும். காற்றில் எந்நாளும் ஈரம் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு பிராணி இப்படித் துணிய முடியும்.

வன்னியின் தவளைக்கு அந்த நம்பிக்கை இல்லை. பானைபோல் உருண்ட உடலும் மண்வெட்டிபோன்ற தடிப்பு உள்ள பின்னங்கால்களும் கொண்ட சில இனங்கள் இங்கே உண்டு. மழை ஓய்ந்து மண் இறுகத் தொடங்கும்போது அவை பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன்பின் சோளகம் முழுவதும் அவற்றைக் காண முடியாது. நாம் நடக்கும் ஒற்றையடிப் பாதையின் கீழேயும், மாடு மேயும் தரவையின் கீழேயும், ஈரம் மிஞ்சிய ஆழத்தில் அசையாமல் கிடக்கும். ஐப்பசியில் ஒரு பின்னேரம் வடகிழக்கே மின்னி, முதல் பெருமழை இரவில் கொட்டும். மறுநாளைக்குக் காத்திராமல் அந்த இரவே அவை மேலே வந்துவிடும். குளக்கட்டின் கீழ், வயல் வரம்பில், வீதியோரப் பள்ளத்தில் என்று நேற்றுவரை தூசு பறந்த இடமெல்லாம் தண்ணீர் நிற்கும். அங்கிருந்து எழும் இரைச்சலில் வீட்டுக்குள் பேசுவது கேட்காது. தண்ணீர் வற்றுமுன் முட்டை பொரிந்து, வாற்பேத்தை கால் முளைத்துத் தவளையாகிவிட வேண்டும் என்பதால், விடியும்வரை அவை ஓய்வதில்லை.